வேர்டு ஃபைலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் போய்விடுமா?

சென்னை மண்ணடியிலும் தம்பு செட்டித் தெருவிலும் இருக்கிற, துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங், ஃபார்வர்டிங் ஆபீஸ்களில் காலையில் முதல் வேலை மெயில் பார்ப்பதுதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் நகல், கப்பல் வரும் தேதி சொல்லும் நோட்டீஸ் என்று எல்லாமே இணைப்பாக வரும். அனுப்பியவர் முகம் யாருக்கும் தெரியாது. ஷாங்காயிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு ஏஜென்ட்டாக இருப்பார். திறக்காமல் விட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும், பார்ட்டி போன் போட்டுக் கத்துவார். 'தெரியாதவர் அனுப்பிய ஃபைலைத் திறக்காதீர்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த ஊரில் அதைக் கடைப்பிடித்தால் பிழைப்பு ஓடாது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட ஆபீஸ்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். போகிற இடமெல்லாம் கேட்கிற பேச்சு இது: "வேர்டு ஃபைல்தானே சார், அதுல என்ன இருக்கப்போகுது?" "மேக்ரோ ஆன் பண்ணலன்னா ஒண்ணும் ஆகாது." "ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன், கவலை இல்ல." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் மூன்றும் ஆபத்து. ஒரு ஆவணத்தைத் திறந்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர் எப்படி இன்னொருவர் கைக்குப் போகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒரே பெயரில் அழைக்கப்படும் மூன்று விஷயங்கள்

'ஃபைல்ல வைரஸ் வந்துச்சு' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு வழிகள் இருக்கின்றன.

முதலாவது மாறுவேஷம். வந்தது ஆவணமே இல்லை, ஒரு புரோகிராம். 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ' என்று அதன் பெயர் இருக்கும். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டும் பழக்கமுடையது என்பதால் நம் கண்ணுக்கு 'இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும். ஃபோல்டரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வைத்தால் இந்த வேஷம் கலைந்துவிடும்.

இரண்டாவது மேக்ரோ. வேர்டு, எக்ஸெல் ஃபைல்களுக்குள்ளேயே எழுதி வைக்கப்படும் சின்ன நிரலுக்கு மேக்ரோ என்று பெயர். மாதச் சம்பளக் கணக்கு போடுவது மாதிரியான வேலைகளைத் தானாகச் செய்வதற்காக வந்தது. 1999 மார்ச்சில் மெலிஸா என்ற வேர்டு மேக்ரோ, திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பி உலகத்தின் மெயில் சர்வர்களைத் திணறடித்தது. இதில் கவனிக்க வேண்டியது, மேக்ரோ ஓடுவதற்கு நம் சம்மதம் வேண்டும், 'எனேபிள் கன்டென்ட்' என்பதை நாம் அழுத்த வேண்டும். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் அந்தப் பொத்தானையே காட்டாமல் தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்தது. 'மேக்ரோ ஆன் பண்ணலன்னா ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை இங்கிருந்து வந்ததுதான்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஃபைலுக்குள் புரோகிராமும் இல்லை, மேக்ரோவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கிற வேர்டிலோ எக்ஸெலிலோ ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையைத் தட்டி எழுப்பும்படி ஃபைல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. கெட்டவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொள்ள இடம் கொடுக்கும் இத்தகைய பிழையைப் பாதுகாப்பு ஓட்டை என்கிறோம். அந்த ஓட்டையைப் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்ட ஃபைலுக்கோ நிரலுக்கோ எக்ஸ்ப்ளாய்ட் என்று பெயர்.

ஓட்டை இருப்பது ஃபைலில் இல்லை, நம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில். வந்த ஃபைலை எவ்வளவு உற்று உற்றுப் பார்த்தாலும் அந்த ஓட்டை கண்ணில் படாது.

'திறப்பது' என்றால் என்ன நடக்கிறது

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுடைய சாதாரண டாக்எக்ஸ் ஃபைல் ஒன்றை நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், பரவாயில்லை. இப்போது டபுள் கிளிக் செய்தால் உள்ளே ஃபோல்டர்கள் தெரியும். 'வேர்டு' என்ற ஃபோல்டருக்குள் 'டாக்யுமென்ட்' என்ற ஃபைல், அதில் நீங்கள் தட்டச்சு செய்த எழுத்து. இன்னொன்றில் எழுத்துருப் பட்டியல். இன்னொன்றில் தலைப்பு, பத்தி அளவுகள். 'மீடியா' என்ற ஃபோல்டரில் படங்கள். 'ரெல்ஸ்' என்று ஒன்று இருக்கும். எந்தத் துண்டு எதோடு சேரவேண்டும், வெளியே எந்த இணைய முகவரியிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும் என்ற இணைப்பு விவரங்கள் அதில் இருக்கும். இந்தக் கடைசியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

நாம் 'ஒரு ஃபைல்' என்று நினைப்பது இப்படிப் பல துண்டுகள் சேர்ந்த ஒரு கட்டு. வேர்டு அதைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் படித்து, இது படம், இது அட்டவணை, இது எழுத்துரு என்று புரிந்துகொண்டு திரையில் வரைகிறது. ஒவ்வொரு வகைத் துண்டையும் படிக்கத் தனித்தனி நிரல் பகுதி உண்டு. 1990-களில் எழுதப்பட்ட டாக் ஃபைல், ஆர்டிஎஃப் என்ற பழைய வகை ஃபைல் எல்லாவற்றையும் இன்றைய வேர்டும் திறந்தாக வேண்டும் என்பதால், அந்தக் காலத்துப் பகுதிகளும் உள்ளேயே இருக்கின்றன. பல வருடங்களாகப் பல பேர் எழுதிய மலைபோன்ற நிரல் அது. எங்கோ ஒரு மூலையில் ஒருவர் ஒரு சரிபார்ப்பை விட்டுவிட்டால் போதும்.

இதுவரை பார்த்ததைச் சொல்வதானால், ஆவணம் தானாக எதையும் செய்வதில்லை. அதைப் படிக்கிற மென்பொருள்தான் வேலை செய்கிறது. படிக்கும்போது அது தடுமாறினால், ஃபைலை எழுதியவருக்கு வாய்ப்பு கிடைக்கிறது.

ஆபீஸ் பையனின் நோட்டு

ஒரு கிளியரிங் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான் என்று வையுங்கள். சொன்னதைத் தட்டாமல் செய்வான், ஆனால் தானாக யோசிக்க மாட்டான். அவனிடம் ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'அனுப்பியவர் பெயர்' என்று 20 கட்டங்கள். அதற்கு நேர் கீழே முதலாளி காலையிலேயே எழுதிவைத்த ஒரு வரி: 'எழுதி முடித்ததும் அடுத்து இங்கே போ'. அதில் 'ராஜாஜி சாலை, கஸ்டம் ஹவுஸ்' என்று இருக்கிறது.

பையனின் வேலை எளிது. வந்த தாளில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுத வேண்டும், முடித்ததும் கீழே இருக்கும் வரியைப் படித்து அங்கே போக வேண்டும். '20 கட்டம் முடிந்தால் நிறுத்து' என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் எல்லாப் பெயரும் 20-க்குள் அடங்கியதால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஒருநாள் ஒருவன் வேண்டுமென்றே நீளமான பெயர் ஒன்றை அனுப்புகிறான். முதல் 20 எழுத்து ஏதோ உளறல். 21-ஆவது எழுத்திலிருந்து, 'லாக்கர் சாவியை எடுத்து வாசலில் நிற்பவரிடம் கொடு' என்று அளந்து எழுதியிருக்கிறான். பையன் எழுதிக்கொண்டே போகிறான். கட்டம் முடிகிறது, பேனா நிற்கவில்லை. முதலாளி எழுதிய வரியின் மேலேயே எழுதிவிடுகிறான். எழுதி முடித்ததும் வழக்கம்போல அந்த வரியைப் படிக்கிறான். அதை எழுதியது முதலாளியா வெளியாளா என்று பார்க்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. சாவி வாசலுக்குப் போய்விட்டது.

தாளைக் கொண்டுவந்தவன் ஆபீஸுக்குள் காலடி எடுத்து வைக்கவே இல்லை. எல்லாவற்றையும் செய்தது நம் ஆபீஸ் பையன், நம் ஆபீஸின் அதிகாரத்தில்.

கம்ப்யூட்டருக்குள்

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஒரு புரோகிராம் ஓடும்போது, ஃபைலிலிருந்து படித்த தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு இடம் ஒதுக்கும். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். அதே பகுதியில், அருகிலேயே, 'இந்த வேலை முடிந்ததும் நிரலின் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்' என்ற முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இதைத் திரும்பு முகவரி என்று வைத்துக்கொள்வோம்.

தகவலும் கட்டளைக்கான முகவரியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நினைவகத்தில் இருக்கின்றன. நினைவகத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெறும் எண்கள்தான். ஃபைலில் வரும் தகவல் ஒதுக்கிய இடத்தைவிட நீளமா என்று பார்க்காமல் நகலெடுத்தால், மிச்சம் வழிந்து திரும்பு முகவரியின் மேல் விழும். இதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ. சாதாரணமாக இப்படி நடந்தால் புரோகிராம் குழம்பி மூடிக்கொள்ளும். 'வேர்டு ஹேஸ் ஸ்டாப்டு ஒர்க்கிங்' என்று வரும் இல்லையா, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. அளந்து எழுதியவன் கையில் கிடைத்தால் புரோகிராம் மூடாது. அவன் சொன்ன இடத்துக்குத் தாவி, அவன் சொன்னதைச் செய்யும்.

அவன் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு சின்னக் கட்டளைதான்: இந்த இணைய முகவரிக்குப் போ, அங்கே இருக்கும் புரோகிராமை இறக்கு, ஓட்டு. அப்படி இறக்கி ஓட்டப்படும் அசல் கெட்ட புரோகிராமுக்கு பேலோட் என்று பெயர். அது உங்கள் யூசர் கணக்குக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதே உரிமையோடு ஓடும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உட்கார்ந்து டைப் அடிக்கிற பழக்கம் நம் ஆபீஸ்களில் எல்லா இடத்திலும் இருக்கிறது. அது அவனுக்கு வசதி.

17 வருடம் கிடந்த ஓட்டை

இதற்கு நிஜ உதாரணம் ஒன்று உண்டு. வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத ஈக்குவேஷன் எடிட்டர் என்ற சின்னப் புரோகிராம் கூடவே வந்தது. வேர்டு, எக்ஸெல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் 2007 பதிப்பில் வேர்டுக்கென்று சொந்தமாகப் புது வசதி வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆவணங்களில் இருக்கும் சமன்பாடுகள் திறக்க வேண்டுமே என்று அந்தப் பழைய எடிட்டரை அப்படியே விட்டுவைத்தார்கள். அதன் கடைசி வடிவம் கட்டப்பட்டது 2000-ஆம் ஆண்டு நவம்பரில்.

2017-இல் எம்பெடி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சமன்பாட்டுக்கான எழுத்துருவின் பெயரைப் படிக்கும் இடத்தில், அந்தப் பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்கவில்லை. நோட்டில் 20 கட்டம் தாண்டி எழுதிய அதே பிழை, கொஞ்சமும் மாறாமல். சர்வதேச ஓட்டைப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2017-11882. சிவிஇ என்பது வெளியே தெரியவந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கப்படும் பதிவு எண். முதலில் வருடம், பிறகு வரிசை எண்.

இது ஏன் இவ்வளவு மோசமானது என்றால், இன்றைய விண்டோஸில் ஓவர்ஃப்ளோவைத் தடுக்கும் ஏற்பாடுகள் உண்டு. நினைவகத்தில் எது எங்கே இருக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைப்பார்கள், எனவே தாக்குபவனால் முகவரியை முன்கூட்டியே சொல்ல முடியாது. தகவல் இருக்கும் இடத்திலிருந்து எதையும் ஓடவிட மாட்டார்கள். 2000-இல் கட்டிய எடிட்டருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லை. அதோடு அது வேர்டுக்கு வெளியே தனிப் புரோகிராமாக ஓடியது. எனவே வேர்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் அது இதற்குப் பயன்படவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் வேர்டு எந்தப் பதிப்பாக இருந்தாலும் ஒரே எக்ஸ்ப்ளாய்ட் வேலை செய்தது. மேக்ரோ தேவையில்லை. கணக்குக்கும் சமன்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாத கிளியரிங் ஆபீஸிலும் அந்த எடிட்டர் உட்கார்ந்திருந்தது.

மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் இதற்கான பேட்சை வெளியிட்டது. பேட்ச் என்றால் ஓட்டையை அடைக்கும் திருத்தம். அதன் பிறகும் அதே எடிட்டரில் வேறு ஓட்டைகள் வரிசையாக வந்ததால், 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டார்கள். என் பார்வையில் அது 2007-லேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இதோடு முடியவில்லை. 2020 மே மாதம் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இரண்டும் சேர்ந்து, 2016 முதல் 2019 வரை அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியலை வெளியிட்டன. அரசுகளின் பின்னணியில் இயங்கும் தாக்குதல் குழுக்கள் அடிக்கடி எடுத்த முதல் மூன்றில் இந்த ஈக்குவேஷன் எடிட்டர் ஓட்டை இருந்தது. மற்ற இரண்டும் ஆபீஸ் ஆவணங்கள் வழியாக வருபவைதான். அதில் ஒன்றுக்கு 2012 ஏப்ரலிலேயே பேட்ச் வந்துவிட்டது! இத்தனை வருடம் கழித்தும் அது வேலை செய்ததற்கு ஒரே காரணம், பேட்ச் போடாத கம்ப்யூட்டர்கள் ஏராளமாகக் கிடந்தன. ரகசியமான புது ஓட்டையைத் தேடி அலைய வேண்டிய அவசியமே தாக்குகிறவனுக்கு வரவில்லை.

வழியாத ஓட்டைகளும் உண்டு

எல்லா ஓட்டையும் ஓவர்ஃப்ளோ அல்ல. சிலவற்றில் நினைவகம் துளியும் கெடாது. மென்பொருளில் உள்ள இரண்டு மூன்று வசதிகளைக் கோத்து, அதை எழுதியவர்கள் நினைக்காத வேலையைச் செய்ய வைப்பார்கள்.

2022 மே மாதக் கடைசியில் வெளியே தெரிந்த ஃபோலினா என்ற ஓட்டை அப்படி. மேலே 'ரெல்ஸ்' என்று ஒரு துண்டைப் பார்த்தோமே, அதில் ஒரு இணைய முகவரி எழுதியிருந்தது. வேர்டு வழக்கம்போல அங்கிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்தில், விண்டோஸின் பழுது கண்டறியும் கருவியைக் கூப்பிடும் சிறப்பு வகை லிங்க் ஒன்று இருந்தது. கூப்பிடும்போதே கூடவே கட்டளைகளையும் திணித்து அனுப்ப முடிந்தது. கருவி அவற்றை ஓட்டியது. வேர்டு தன் வேலையைச் செய்தது, கருவி தன் வேலையைச் செய்தது, சேர்ந்து பார்த்தால் கம்ப்யூட்டர் பறிபோனது. இதன் ஆர்டிஎஃப் வடிவத்துக்குத் திறக்கக்கூட வேண்டாம். ஃபைலைத் திறக்காமலே ஓரத்தில் காட்டும் பிரிவியூ பேனை ஃபோல்டரில் ஆன் செய்து வைத்திருந்தால், ஃபைலைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

ஃபோலினாவுக்கு ஜூன் 14-இல்தான் பேட்ச் வந்தது. அதற்கு முன்பே தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்தன. பேட்ச் வருவதற்கு முன்பே தாக்குபவர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிடும் ஓட்டைக்கு ஜீரோ டே என்று பெயர். செய்திகளில் எந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னாலும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். பேட்ச் வந்து பல வருடம் ஆனதை ஜீரோ டே என்று சொல்வது தவறு.

மைக்ரோசாஃப்ட் மட்டும் இதில் மாட்டவில்லை. வேர்டு, எக்ஸெல் வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில், ஆவணத்திலிருக்கும் ஒரு லிங்க்கின் மேல் மவுஸைக் கொண்டுபோனாலே நிரல் ஓடக்கூடிய ஓட்டை 2019 தொடக்கத்தில் வெளியே தெரிந்தது, அதைத் திருத்திவிட்டார்கள். ஜிப் ஃபைல்களைப் பிரிக்க எல்லா ஆபீஸிலும் வைத்திருக்கும் வின்ரார் மென்பொருளில், ஜிப்புக்குள் இருக்கும் சாதாரணப் படத்தை டபுள் கிளிக் செய்தால் மறைந்திருக்கும் நிரல் ஓடுகிற ஓட்டை 2023 ஆகஸ்டில் 6.23 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் பழைய பதிப்பு இன்னும் நிறைய இடங்களில் அப்படியே இருக்கிறது.

சரி, எங்கே நிற்கிறோம்? சில ஓட்டைகள் நினைவகத்தில் வழிவதால் வருகின்றன, சில வசதிகளைத் தவறாகக் கோப்பதால் வருகின்றன. இரண்டிலும் மேக்ரோ சம்மதம் கேட்கப்படுவதில்லை. இரண்டுக்கும் தீர்வு, ஓட்டை இருக்கும் மென்பொருளைத் திருத்துவது.

மஞ்சள் பட்டை

மெயிலில் வந்த வேர்டு ஃபைலைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். 'புரொடெக்டட் வியூ' என்று தொடங்கி, இணையத்திலிருந்து வந்த ஃபைலில் வைரஸ் இருக்கலாம், திருத்த வேண்டிய தேவை இல்லாவிட்டால் இப்படியே இருங்கள் என்று சொல்லி, ஓரத்தில் 'எனேபிள் எடிட்டிங்' என்று ஒரு பொத்தான் காட்டும். ஆபீஸ் 2010-இல் வந்த ஏற்பாடு இது. வேர்டு ஒரு அடைப்புக்குள் ஃபைலைத் திறந்து, படிப்பதற்கு மட்டும் காட்டுகிறது. மேலே சொன்ன சமன்பாடு மாதிரியான செருகல்கள் அந்த நிலையில் உயிர் பெறுவதில்லை, வெளி முகவரிக்கும் போவதில்லை.

நம் ஆபீஸ்களில் இந்தப் பட்டையை யாரும் படிப்பதில்லை. வந்ததும் கை தானாகப் போய் அழுத்திவிடும். ஒரு இன்வாய்ஸில் தொகையைப் பார்க்க எடிட்டிங் எதற்கு? படிப்பதற்கு அது தேவையே இல்லை. 'ஆவணம் சரியாகத் தெரியவில்லையா, எனேபிள் எடிட்டிங்கை அழுத்துங்கள்' என்று ஆவணத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தால், அதை எழுதியது வேர்டு இல்லை, அனுப்பியவன். அதைப் பார்த்த நிமிடமே மூடிவிடலாம்.

இந்தப் பட்டை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மெயிலிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒரு ஃபைலை இறக்கும்போது, விண்டோஸ் அதன் மேல் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைக்கிறது. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் கீழே 'அன்பிளாக்' என்ற கட்டம் தெரிகிறதே, அது அந்தக் குறியால்தான். வேர்டு இந்தக் குறியைப் பார்த்துத்தான் புரொடெக்டட் வியூவில் திறக்கிறது. குறி இல்லாத ஃபைலை நேரடியாகத் திறந்துவிடும்.

இந்தக் குறியை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் மட்டும்தான் வைக்க முடியும். நம் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். ஃபைல் பென்டிரைவுக்குப் போனதும் குறி அழிந்துவிடும். அங்கிருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் மஞ்சள் பட்டையே வராது. ஒரு ஆபீஸில் மெயிலில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, காட்டுப்பள்ளியிலோ மணலியிலோ இருக்கும் கன்டெய்னர் யார்டு கம்ப்யூட்டரில் திறக்கும் ஃபைலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் இருக்கிற ஜெராக்ஸ் கடைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. முன்பின் தெரியாதவர்களின் ஃபைலை நாள் முழுக்கத் திறப்பதே அவர்களின் தொழில். அதே கம்ப்யூட்டரில் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடக்கும். வேர்டு பெரும்பாலும் கிராக் செய்த பழைய பதிப்பு.

இவர்களுக்கு நான் சொல்வது, வேர்டில் திறக்காமலே அச்சடியுங்கள். ஜிமெயிலில் இணைப்பின் மேல் கிளிக் செய்தால் அங்கேயே திறந்து காட்டும், அச்சும் எடுக்கலாம். அப்போது ஃபைலைப் பிரித்துப் படிப்பது கூகுளின் சர்வர், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள வேர்டு இல்லை. உங்கள் வேர்டில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அந்த ஃபைலால் அதைத் தொட முடியாது. ஒரு சிக்கல் உண்டு: பாமினி, வானவில் மாதிரியான பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஆவணம் அங்கே கன்னாபின்னாவென்று தெரியும். அப்படிப்பட்டவர்களிடம் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், அதை குரோமிலோ எட்ஜிலோ திறங்கள். பிடிஎஃப்பிலும் ஓட்டைகள் வருவதுண்டு. ஆனால் பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது, பிடிஎஃப்பை ஒரு அடைப்புக்குள் வைத்தே காட்டுகிறது. அப்புறம், வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள், வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும்.

ஓட்டையை அடைப்பது

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச்களை வெளியிடுகிறது. நம் நேரத்துக்குச் செவ்வாய் இரவு வந்துசேரும். வெளியான பேட்சைப் பிரித்துப் பார்த்தே 'ஓட்டை எங்கே இருந்தது' என்று கண்டுபிடித்து எக்ஸ்ப்ளாய்ட் செய்கிறவர்களும் உண்டு. அதனால் பேட்ச் வந்த பிறகு போடாமல் இருப்பது, வருவதற்கு முன்பு இருந்ததைவிட ஆபத்து. வேர்டில் ஃபைல் மெனு, அதில் அக்கவுன்ட், அதில் அப்டேட் ஆப்ஷன்ஸ், அப்டேட் நவ். அவ்வளவுதான்.

கிராக் செய்த ஆபீஸில் இந்தப் பேச்சே எடுபடாது. அப்டேட் போட்டால் கிராக் போய்விடும் என்று அதையே முடக்கி வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் காலாவதி ஆகியிருக்கலாம்: ஆபீஸ் 2010-க்கு 2020 அக்டோபரிலும், 2013-க்கு 2023 ஏப்ரலிலும், 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14-லும் ஆதரவு முடிந்துவிட்டது. புது ஓட்டை வந்தால் அவற்றுக்கு வழக்கமான பேட்ச் வராது. காசு செலவழிக்க முடியாதவர்கள் லிப்ரே ஆபீஸ் புதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். இலவசம், திருத்தங்களும் இலவசம். எக்ஸெலில் சிக்கலான ஷீட் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். கடிதமும் பயோடேட்டாவும் அடிக்கிற கடைக்குத் தாராளமாகப் போதும்.

ஆன்டிவைரஸ் வேண்டும், எடுத்துவிடாதீர்கள். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த அடையாளங்களைத் தேடுகிறது. ஒரே எக்ஸ்ப்ளாய்ட்டை ஆர்டிஎஃப்பில் எத்தனையோ விதமாகக் கலைத்து எழுத முடியும். காலையில் புதிதாகக் கலைத்து எழுதி அனுப்பியதை அது மாலையில்தான் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதும் நடக்கிறது. பேட்ச் போட்ட வேர்டில் எப்படிக் கலைத்து எழுதினாலும் அந்த எக்ஸ்ப்ளாய்ட் எடுபடாது.

இன்னும் இரண்டு சின்ன வேலைகள் உண்டு. ஃபோல்டரில் பிரிவியூ பேனை அணைத்து வையுங்கள். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரண யூசர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்துவிட்டால்

ஈக்குவேஷன் எடிட்டர் ஓட்டை வழியாக இறக்கப்பட்ட பேலோட்களில் ஏஜென்ட் டெஸ்லா, ஃபார்ம்புக் மாதிரியானவை அடிக்கடி வந்தன. இவை திரையில் எந்தக் கலாட்டாவும் செய்யாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, நீங்கள் தட்டும் எழுத்துகள், மெயில் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பும். கிளியரிங் ஆபீஸுக்கு உண்மையான அடி அதற்குப் பிறகுதான். உங்கள் மெயில் பெட்டியைச் சில நாள் படித்துவிட்டு, சரியான நேரத்தில், சரியான இன்வாய்ஸ் எண்ணோடு, உங்கள் பெயரிலேயே பார்ட்டிக்கு 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவார்கள். அதனால் கணக்கு எண் மாறியதாக எந்த மெயில் வந்தாலும், போனில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அடிக்காதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அடியுங்கள்.

சந்தேகமான ஃபைலைத் திறந்துவிட்டீர்கள், வேர்டு ஒரு நொடி மின்னி மூடிக்கொண்டது அல்லது சம்பந்தமில்லாத கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து போனது என்றால், முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ மெயில், பேங்க், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும். மெயில் செட்டிங்கில் நீங்கள் வைக்காத ஃபார்வர்டிங் முகவரி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். உங்கள் மெயிலிலிருந்து ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம் என்று முக்கியமான பார்ட்டிகளுக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். வந்த மெயிலையும் ஃபைலையும் அழிக்காமல் அப்படியே வையுங்கள், புகார் கொடுக்கும்போது அவை தேவைப்படும்.